ஒரு வரிகூட என் பெயரில் இல்லை

வில்லியனூரில் பேருந்தை விட்டு இறங்கியபோது எனக்கு ஒரு வேலை இருந்தது. பாகூரிலிருந்து கிளம்பியபோது இல்லை. இடையில் சாப்பிட்டதையும் அலைந்ததையும் வண்டி தள்ளியதையும் எழுதி வைக்கிறேன். புதுச்சேரிக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு இதில் ஒரு பயனும் கிடையாது. நான் கடற்கரைப் பக்கமே போகவில்லை.

நான் கோலாலம்பூர்க்காரன். வலைத்தளங்களுக்கு நிரல் எழுதுவது தொழில். எந்த லாரி எங்கே போகிறது, எந்தக் கிடங்கில் என்ன இறங்கியது என்று காட்டும் மென்பொருள் ஒன்றைப் பத்து வருடமாக எழுதி வந்தேன். புதிதாக வந்த மேலாளர் ஆட்குறைப்புக்காக ஒரு கருவி வாங்கினார். இன்று ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் எந்த வரி யாருடையது என்று அது சொல்லும். சொன்னது. என் பெயரில் ஒரு வரிகூட இல்லை. எல்லாம் லூர்துராஜ் பெயரில் இருந்தது.

லூர்து எங்கள் குழுவில் ஒருவன். வில்லியனூர்ப் பக்கம் உறுவையாற்றில் வீட்டிலிருந்தபடி, ஓர் ஒப்பந்த அலுவலகம் மூலமாக எங்களுக்கு வேலை செய்தான். திருடவில்லை, பொய் சொல்லவில்லை. நிரல் எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய சண்டை உண்டு. வரியின் தொடக்கத்தில் இடம் விடுவதை டேப் விசையால் விடுவதா, ஸ்பேஸ் விசையால் விடுவதா என்பது. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனாலும் நாங்கள் பங்காளிகள் வரப்புக்கு அடித்துக்கொள்வதுபோல அடித்துக்கொள்வோம். மேலாளரின் கருவி வருவதற்குச் சில நாள் முன்னால் எங்கள் குழுவிலும் அடித்துக்கொண்டோம். ஓட்டு எடுத்தோம். ஸ்பேஸ் ஜெயித்தது.

பழைய நிரல் முழுவதையும் புது வழக்கத்துக்கு மாற்ற ஃபார்மேட்டர் என்றொரு கருவி இருக்கிறது. ஒரே கட்டளைதான். கோலாலம்பூரில் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு ஓட்டினால் யார் வேலையும் கெடாது. இந்தியாவில் அப்போதும் பகல் என்பதால் லூர்துவை ஓட்டச் சொன்னோம். ஓட்டினான். ஒவ்வொரு வரியின் முன்னாலும் இருந்த வெற்றிடம் மாறியது, மாற்றியவன் பெயர் ஒவ்வொரு வரியிலும் விழுந்தது. அன்று யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மேலாளரிடம் இதைச் சொன்னேன். அந்த ஒரு மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வழி இருக்கிறது என்றும் சொன்னேன். "நீங்கள் சொல்கிறீர்கள். அவரும் சொல்லட்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவரைப் பேச வையுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்றார். லூர்துவோ பல நாளாக எந்தச் செய்திக்கும் பதில் போடவில்லை. போன் அணைந்தே கிடந்தது. ஒப்பந்தக்காரர்கள் வருவதையும் போவதையும் எங்களிடம் யாரும் சொல்வதில்லை. மிச்சம் இருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன். அவன் வாயால் ஒரு வார்த்தை, அதற்குத்தான் இந்தப் பயணம்.

வில்லியனூரில் உறுவையாற்றுப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, கிளம்பவில்லை. மறுபடியும் திருப்பினார். பிறகு இறங்கி டீ குடிக்கப் போனார். நானும் போனை எடுத்து எங்கள் தொழில் செய்திகளைப் படிக்க ஆரம்பித்தேன். புதிதாக ஒரு ஃபிரேம்வொர்க் வந்திருந்தது. வீடு கட்டுகிறவனுக்குத் தூணும் உத்தரமும் தயாராகக் கிடைப்பதுபோல, வலைத்தளம் கட்டுகிறவனுக்குத் தயாராகக் கிடைக்கும் சட்டகம்தான் ஃபிரேம்வொர்க். இதற்கு முந்தையதெல்லாம் தப்பு என்று புதியது சொன்னது. எல்லாமே அப்படித்தான் சொல்லும்.

தலையைத் தூக்கியபோது பேருந்தில் நான் மட்டும் இருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் பின்னால் வந்த வேறு பேருந்துக்கு மாறியிருந்தார்கள். ஒரு அறிவிப்பும் இல்லை. காலி மீன்கூடையோடு போன ஓர் அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "இன்னாபா, வண்டிக்குக் காவலா குந்திக்கினு கீற? அல்லாரும் அதுல ஏறிட்டாங்க பாரு" என்றார். நான் இறங்குவதற்குள் அதுவும் போய்விட்டது.

என் தொழில் வாழ்க்கையே இதுதான் என்று அந்த வெயிலில் நின்று நினைத்தேன். நான் தொழிலுக்கு வந்தபோது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதினோம். அது பாவம் என்றார்கள். தோற்றம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கிற ஃபிரேம்வொர்க் வந்தது, கை தட்டினேன். சில வருடம் கழித்து, பிரித்து வைப்பதுதான் பாவம், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும் என்று இன்னொன்று வந்தது. அதற்கும் கை தட்டினேன். ஒவ்வொன்றையும் கண் எரியப் படித்தேன். படித்து முடிக்கும்போது சனங்கள் அடுத்த வண்டிக்கு மாறியிருப்பார்கள்.

அன்றைக்கு வேறு வண்டி கிடைக்கவில்லை. வில்லியனூரிலேயே தங்கினேன். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் குளிப்பாட்டித் தந்தார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு இது பெரியப்பா மகன். எங்களுடையது மெலிந்து மொறுமொறுவென்று பருப்புக் கறியைத் தொட்டுக்கொள்ளும். இது குழம்பில் விழுந்து கரைகிறது. ருசி பிரமாதம். எனக்குத்தான் பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு பேர், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் பெயரைப் பத்திரிகையில் விட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "பேரப் போடாதவன் வூட்டுல கையக் கூட நனைக்கமாட்டேன்னு வந்துட்டான்பா" என்றார் ஒருவர். அவன் செய்தது சரி என்று எனக்குப் பட்டது.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் உறுவையாறு போய்ச் சேர்ந்தேன். நெல் வயல்களுக்கு நடுவே புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீடு. லூர்துவின் மனைவி ஸ்டெல்லா வாசலில் நின்றபடியே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கூட்டங்களில் என் முகம் திரையில் ஓடுவதைப் பார்த்திருக்கிறாளாம்.

"குணா அண்ணன்தான? உள்ள வாங்க. அவரு வூட்ல இல்ல. பாகூர்ல எங்க அண்ணன் பிளெக்ஸ் கடையில கீறாரு."

"போன் எடுக்கமாட்டேங்கிறாரே?"

"சார்ஜே போடறதில்லண்ணா. அத்த தொட்டாலே மொகம் மாறிடுது." என் பையைப் பார்த்தாள். "அவர திட்டறதுக்கு வந்தீங்களா?"

"இல்லம்மா. உதவி கேட்டு வந்திருக்கேன்."

அவளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சிரிக்காமல் உள்ளே போய்ச் சோறு போட்டாள். கத்திரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊரில் நெத்திலியை மிளகாய் விழுதில் வதக்கிச் சம்பலாக்கித் தேங்காய்ப்பால் சோற்றில் வைத்துக் காலையில் தின்போம். இது புளிப்பும் காரமுமாக மூக்கில் ஏறியது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் லூர்துவின் மடிக்கணினி துண்டு போர்த்திக் கிடந்தது. எனக்கு என்னவோ பிணத்தைப் பார்த்ததுபோல இருந்தது.

அவன் ஸ்கூட்டரைக் கொடுத்து அனுப்பினாள். வழி கேட்டுக் கேட்டுப் போயும் ஏதோ ஒரு பிரிவில் தப்பாகத் திரும்பி, கரையாம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டேன். அங்கே எல்லைகள் நாங்கள் எழுதும் நிரலை விடச் சிக்கலானவை. புதுச்சேரிக்குள் தமிழ்நாடு, அதைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. சாராயக்கடை தெரிந்தால் புதுச்சேரி, தெரியாவிட்டால் தமிழ்நாடு என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு ஓட்டினேன். பெட்ரோல் தீர்ந்தது தமிழ்நாட்டில்.

வரப்பில் கரும்பு தின்றுகொண்டிருந்தவரிடம் பக்கத்தில் பெட்ரோல் கிடைக்குமா என்று கேட்டேன். "கெடைக்கும். ஆனா இங்க போடாத, வெல சாஸ்தி. கொஞ்சம் தள்ளிக்கினு போனீன்னா பாண்டி வந்துடும்" என்றார். ஏதோ கல்லெறியும் தூரம் என்று நினைத்து மாநிலம் விட்டு மாநிலம் ஸ்கூட்டரைத் தள்ளினேன். சட்டை பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் தேறும். என் ஊரில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் மலை வரும், காடு வரும். இங்கே ஒரு வாய்க்கால்கூட வரவில்லை.

பாகூர்க் கடைத்தெருவில் அந்த பிளெக்ஸ் கடையைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. வாசலில் மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, காதணி விழா என்று பிறப்பும் இறப்பும் சுருட்டிச் சாத்தியிருந்தது. உள்ளே லூர்து ஒரு பெரியவரின் படத்தில் பின்னணியை அழித்து மேகம் போட்டுக்கொண்டிருந்தான். பல வருடப் பழக்கம், நேரில் பார்ப்பது முதல் தடவை. எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

டீ வந்த பிறகுதான் என் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"உங்கள ஒண்ணுமே எழுதலன்னு தொரத்துறாங்க. என்னை இன்னான்னு தொரத்துனாங்க தெரியுமாண்ணா?"

"உன்னையுமா?"

"ஒப்பந்த ஆபீஸ்ல கூப்ட்டு உக்கார வச்சாங்க. பத்து வருசத்துல வந்த பிழை அத்தினியும் எந்த வரியில வந்துச்சோ அந்த வரில என் பேருதான் கீதாம். நான் வேலைக்கு சேர்றதுக்கு முன்ன வந்த பிழைகூட. ஃபார்மேட்டர்தான் சார்னேன். சாக்கு சொல்லாதன்னுட்டாங்க."

ஒரே கட்டளை. அதில் நான் எதுவும் எழுதாதவன் ஆனேன், அவன் எல்லாவற்றையும் தப்பாக எழுதியவன் ஆனான். இரண்டு பேரையும் ஒரே கருவிதான் பார்த்திருக்கிறது. இவன் வேலை போய்ப் பாகூரில் மேகம் போட்டுக்கொண்டிருப்பது தெரியாமல், என் வேலையைக் காப்பாற்றித் தரச் சொல்லி வந்து நிற்கிறேன்.

"நாளைக்குக் கூட்டத்துல பேசுறேன்ணா. அதுல ஒண்ணும் இல்ல" என்றான் அவனே. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு யோசிச்சிக்கோங்க. வரி உங்க பேருக்கு வந்தா, பிழையும் கூடவே வரும். விட்டுட்டு வராது" என்றான்.

அது எனக்கும் அந்த நொடியில் உறைத்தது. பத்து வருட நிரலில் பிழை இல்லாமல் இருக்காது. அதிகம் எழுதியவனிடம் அதிகம் இருக்கும். வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்பினால் ஒன்றும் எழுதாதவன். பேசினால் எல்லாப் பிழையும் எழுதியவன். அன்று இரவு கடைக்கு மேலே ஒரு அறையில் படுத்து யோசித்தேன். எழுதாதவன் என்ற பெயரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளை தறுதலை என்று சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளையே உன்னுடையது இல்லை என்றால்?

வெள்ளிக்கிழமை காலை கடையில் வேலை குவிந்து கிடந்தது. கூட்டம் மதியம்தான். சும்மா உட்கார முடியாமல், எதையாவது கொடு என்றேன். லூர்து ஒரு காதணி விழா பிளெக்ஸைக் கொடுத்தான். குழந்தை படம் நடுவில், சுற்றிலும் உறவுக்காரர்கள். "மேல சாமி படம், கீழ அல்லார் பேரும். மிச்சத்த நீங்களே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் போனான்.

நான் செய்தேன். எங்கள் தொழிலில் பலருடைய படங்களை வரிசையாக வைக்க ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் ஒரே அளவுக் கட்டம், நடுவில் ஒரே அளவு இடைவெளி, பெயர்கள் அகர வரிசையில். எந்தத் திரையில் பார்த்தாலும் குலையாது. அதன்படி வைத்தேன். பல மாதத்தில் முதல் தடவையாக ஒரு வேலை செய்து முடித்த திருப்தி வந்தது. ஸ்டெல்லாவின் அண்ணன் சேவியர் எட்டிப் பார்த்து, "இன்னா நீட்டா கீது" என்றார். பிளெக்ஸுக்கென்று ஒரு வழக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மதியம் கடைக் கணினியில் கூட்டம். பின்னால் அச்சு இயந்திரம் கரகரத்துக்கொண்டே இருந்தது. லூர்து நன்றாகப் பேசினான். எந்த நாள், எந்தக் கட்டளை, யார் ஓட்டச் சொன்னது என்று தடுமாறாமல் சொன்னான். அந்த ஆங்கிலத்தில் அவன் குரலே வேறாக இருந்தது. மேலாளர் பொறுமையாகக் கேட்டார். கருவி விற்றவர்களிடம் பேசி வைத்திருக்கிறேன், அந்த மாற்றத்தை நீக்கிவிட்டு இப்போதே ஓட்டிப் பார்ப்போம் என்றார்.

ஓட்டினார். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறின. லூர்துராஜ் இருந்த இடத்திலெல்லாம் குணசேகரன் வந்தது. பக்கம் பக்கமாக வந்தது. மகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த வாரம் எழுதிய பகுதி, பெருநாள் லீவில் எழுதியது, காய்ச்சலோடு எழுதியது எல்லாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான் அது, மறைக்க ஒன்றும் இல்லை. லூர்து மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தட்டினான்.

மேலாளர் அடுத்த பக்கத்தைத் திறந்தார். பிழைகளின் பக்கம். அதிலும் பெயர்கள் மாறியிருந்தன.

"அப்படியானால் இவையும் உங்களுடையவைதான், இல்லையா?" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

எப்படியும் எல்லாவற்றையும் புதிய ஃபிரேம்வொர்க்கில் ஏஐ இயந்திரத்தை வைத்து எழுதப்போகிறார்களாம். பழைய நிரல் யாருடையது என்பது அதற்கு அப்புறம் முக்கியம் இல்லையாம். விளக்கம் தந்ததற்கு லூர்துவுக்கு நன்றி சொன்னார். எனக்கும் சொன்னார், இன்றோடு என் வேலை முடிந்தது என்பதையும் சேர்த்து. திரை அணைந்தது. எங்களுக்குப் பின்னால் சேவியர், "சோத்துக்கு வரீங்களாபா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பிடப் போகவில்லை. லூர்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். கணினிப் பக்கம் திரும்பி நான் செய்த பிளெக்ஸைத் திறந்து, கீழ் மூலையில் ஏதோ தட்டி, அச்சுக்கு அனுப்பினான். அதை அவன் சரிபார்க்கவில்லை. அந்த நேரத்தில் எதையும் சரிபார்க்கும் நிலையில் நாங்கள் இல்லை. நான் வெளியே வந்து பாகூர் ஏரிக்கரையில் நடந்தேன். தண்ணீர் நிறைய இருந்தது. அழகாக இருந்திருக்கும். மகளின் கல்லூரி, வீட்டுத் தவணை, நாற்பத்தைந்து வயதில் யார் வேலை கொடுப்பார்கள் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. இனி ஒரு புது ஃபிரேம்வொர்க்கைப் படிக்க எனக்குத் தெம்பு இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். லூர்து பேருந்து நிறுத்தம் வரை வந்து விட்டுவிட்டு, கடை திறக்கப் போனான். "போன்ல சார்ஜ் போட்டு வைக்கிறேன்ணா" என்று மட்டும் சொன்னான்.

கொம்யூன் பஞ்சாயத்து கட்டிய நிழற்குடைக்கு எதிரே அந்தக் காதணி விழா பிளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். காற்றில் லேசாக உப்பி நின்றது. கட்டங்கள் நேராக இருந்தன. கீழ் மூலையில், வழக்கமாகக் கடை பெயர் போடும் இடத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி: வடிவமைப்பு, மலேசியா குணசேகரன். லூர்து நேற்று தட்டியது இதைத்தான். நான் அதைப் படமெடுக்கப் போனை எடுத்தேன்.

அதற்குள் வெள்ளை வேட்டியில் ஒருவர் பிளெக்ஸுக்கு முன்னால் வந்து நின்றார். கூடவே நாலைந்து பேர். அவர் முகமும் பிளெக்ஸில் இருந்தது, மூன்றாவது வரிசையில், மற்றவர்களின் அளவிலேயே.

"நான் தாய்மாமன்டா. என் மடியில வச்சித்தான் காது குத்தணும்" என்றார் கூட இருந்தவர்களிடம். "என் படம் கொயந்தைக்கு பக்கத்துல பெருசா வரணும். சித்தப்பன் பெரியப்பனோட வரிசையில கொண்டாந்து நிறுத்தி வச்சிருக்கான். சீர் தட்டத் தூக்கிக்கினு நான் எந்த மூஞ்சியோட போறது?"

"வேணும்னே பண்ணியிருக்கானுங்க மாமா" என்றான் ஒருவன்.

அவர் குனிந்து மூலையைப் படித்தார். "யார்ரா இந்த மலேசியா குணசேகரன்?"

என் பேருந்து தூரத்தில் வருவது தெரிந்தது. பை கையில் இருந்தது. ஊரில் என்னை யாருக்கும் தெரியாது, ஏறிப் போயிருக்கலாம்.

"நான்தான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "ஏன்யா இப்டி பண்ண?" என்று கேட்டார். எல்லாரையும் ஒரே அளவில் வைப்பது எங்கள் வழக்கம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "தப்புதான். தெரியாம செஞ்சுட்டேன்" என்றேன். பேருந்து நின்றது, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது.

அவருடைய ஆட்கள் கம்பத்தில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார்கள். பிளெக்ஸ் மேலிருந்து மடிந்து விழுந்தது. கீழ் மூலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன், அவர்கள் அதை என் கை வரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்தார்கள்.